இருபத்தாறு பேரும் ஒரு கழுத்தும்

வேலாயுதம்: மெதுவா... மெதுவா வசந்தா. கழுத்து என்னுது.

வசந்தகுமாரி: உட்கார்ந்ததுலேர்ந்து இதையேதான் சொல்றீங்க. இன்னும் கத்தியே எடுக்கல, சோப்புதான் போடறேன்.

நூருல் அமீன்: பயமா இருந்தா எழுந்திரிங்க தலைவரே, நான் உட்கார்ந்துக்கறேன். மூணு மணிக்கு சங்கக் கூட்டம். செயலாளர் தாடியோட போய் நிக்க முடியாது.

வேலாயுதம்: யாருக்குப் பயம்? நாப்பது வருஷமா அடுத்தவன் கழுத்துல கத்தி வச்சவன் பாய் நான். ஆனா நம்ம கழுத்துல இன்னொருத்தர் வைக்கிறப்பதான்...

வசந்தகுமாரி: வீட்டுலயே வழிச்சுக்கிட்டு வந்திருக்கலாமேண்ணே?

வேலாயுதம்: தெரியாத மாதிரி கேக்காத. கூட்டத்தன்னிக்கு எவனும் தன் முகத்தத் தானே வழிக்கக் கூடாது. இன்னொரு தொழிலாளி கையிலதான். சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான்.

வசந்தகுமாரி: இந்தத் தேக்கா வட்டாரத்துல நம்ம சங்கத்துக் கடை எத்தனை இருக்கு...

வேலாயுதம்: எல்லாத்துலயும் வரிசை நிக்குது. ஞாயித்துக்கிழமை லா.

நூருல் அமீன்: ஆமாமா. பக்கத்துக் கடையில செல்வராஜ் தனியா உட்கார்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்தான். அதுவும் வரிசைதான்.

வேலாயுதம்: நீங்க வம்ப விட்டுட்டு ஆண்டறிக்கையப் படிங்க பாய்.

நூருல் அமீன்: படிக்கறேன், மேடையில நாக்கு குழறக் கூடாது. “பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே! தைப்பூசத்தன்று நம் சங்கத்தார் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மொட்டையடித்துத் தொண்டாற்றினர். கைக்குழந்தைகளுக்கு ஒரு நலம்விரும்பி மொட்டையடித்தார்.”

வசந்தகுமாரி: யாரு பாய் அந்த நலம்விரும்பி?

நூருல் அமீன்: ...நீதான்மா. உறுப்பினர் இல்லாதவங்க பேரு அறிக்கையில வரக் கூடாது. விதி.

வசந்தகுமாரி: முப்பத்தொரு புள்ளைங்க. அதுல நாலு என் மேலேயே ஒண்ணுக்கு அடிச்சுது. அதுங்களுக்கு விதி தெரியல போல.

வேலாயுதம்: ஹா... ஹா...

வசந்தகுமாரி: சிரிக்காதீங்க! கத்தி கன்னத்துல இருக்கு.

நூருல் அமீன்: “துவாஸ் தொழிலாளர் விடுதியில் ஒரே நாளில் இருநூற்று எழுபது பேருக்கு இலவசமாக முடி திருத்தினோம்.”

வேலாயுதம்: அத நல்லா அழுத்திப் படிங்க. சிமெண்டும் கிரீஸும் ஊறுன முடி. மூணு மெஷின் சூடேறி நின்னு போச்சு. மிச்சம் அத்தனையும் கத்திரிக்கோல்லயே முடிச்சோம். ஒருத்தன்கூடப் பாதித் தலையோட திரும்பிப் போகல. எந்த ஊர்ல, எந்தச் சங்கம் செஞ்சிருக்கு சொல்லுங்க?

வசந்தகுமாரி: நம்மாளுங்கதான் செய்வாங்க. மறுநாள் எனக்கு விரலிடுக்குல முடி குத்திச் சீழ் வச்சிருச்சு.

நூருல் அமீன்: உன்னையும் எழுதியிருக்கேன்மா. “நலம்விரும்பி ஒருவரும் உதவினார்.”

வசந்தகுமாரி: அப்ப சீழும் நலம்விரும்பிக்குத்தான். சரி பாய்... இன்னிக்கு என்னைச் சங்கத்துல சேர்க்கற ஓட்டெடுப்பு முடிஞ்சாவது பேரு வருமா?

நூருல் அமீன்: நல்லதே நினை. போன வருஷம் இருபத்தேழு சீட்டுல ஒண்ணுதான எதிர்.

வசந்தகுமாரி: ஒண்ணு போதும்ல.

வேலாயுதம்: விதிய அப்படித்தான் வச்சிருக்காங்க. சங்கத்துக்காரன் சங்கத்துக்காரனுக்குக் கழுத்தக் குடுக்கறான். ஒருத்தன் நம்பலன்னாலும் சேர்க்க முடியாது.

வசந்தகுமாரி: யாரா இருக்கும்ணே அது?

வேலாயுதம்: சீட்டுல பேரு இல்லையே... வாய்கிட்ட வந்துட்ட, நான் பேசல.

வசந்தகுமாரி: மேலுதட்ட முடிச்சுட்டேன். இப்பப் பேசலாம். என்ன காரணம்னு நினைக்கறீங்க?

வேலாயுதம்: என்ன பெரிய காரணம்... பொம்பள கையில கழுத்தக் குடுத்தா கடைக்கு வர்றவன் சிரிப்பான்னு நினைச்சிருப்பான். பயந்தாங்கொள்ளிப் பய.

வசந்தகுமாரி: பாவம். தலையச் சாய்ச்சுக்குங்க. தொண்டைக்குழி. அசையாதீங்க.

நூருல் அமீன்: அடுத்தது ஆயுத பூஜை... படிக்கட்டுமா தலைவரே?

வேலாயுதம்: ம்.

நூருல் அமீன்: “ஆயுத பூஜையன்று நம் மூத்த உறுப்பினர் இராமசாமி காலமானார். அன்னாருக்குக் கடைசிச் சவரம்...” இதோட நிறுத்தி வச்சிருக்கேன். எப்படி எழுதறதுன்னு தெரியல.

வேலாயுதம்: என்ன தெரியல? கத்திய எடு வசந்தா, நான் பேசணும்... என் அக்கா புருஷன் பாய் அவரு. சங்கத்துல ஒருத்தன் செத்தா, சங்கத்துக்காரன் கைதான் கடைசியா அவன் முகம் வழிக்கணும். ஆனா அன்னிக்கு எல்லார் கத்தியும் சாமி முன்னால இருந்துச்சு. மறுநாள் சூடம் காட்டற வரைக்கும் தொடக் கூடாது. சாயங்காலமே எடுக்கணும். இருபத்தாறு பேரும் கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னோம்.

வசந்தகுமாரி: என் கத்தி மட்டும் சும்மா இருந்துச்சு.

நூருல் அமீன்: அது எப்படிம்மா? நீயும் பூஜைக்குக் கொண்டுவந்தியே?

வசந்தகுமாரி: கொண்டுவந்தேன். வெளியாள் கத்தியச் சங்கத்துக் கத்தியோட வைக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டீங்களே.

வேலாயுதம்: நான்தான் அனுப்பினேன்.

நூருல் அமீன்: பத்து நாள் ஆஸ்பத்திரித் தாடி. நீ முடிச்சப்ப மனுஷன் மாப்பிள்ளை மாதிரி இருந்தாரும்மா.

வசந்தகுமாரி: செத்தவங்க தோலு வேற மாதிரி பாய். வெட்டுனா ரத்தம் வராது. ஆனா வெட்டு அப்படியே நிக்கும். அவரு சம்சாரம் கடைசியாப் பார்க்கற முகம்... மூச்சப் பிடிச்சுக்கிட்டுதான் செஞ்சேன்.

வேலாயுதம்: எழுதுங்க பாய். “வசந்தகுமாரி செய்தார்”னு எழுதுங்க. தைப்பூசத்துக்கும், துவாஸுக்கும் அதே பேரு.

நூருல் அமீன்: விதி...

வேலாயுதம்: ஓட்டெடுப்ப முன்னால வைங்க. அறிக்கைய அப்புறம் படிங்க.

நூருல் அமீன்: நடுவுல ஒரு எதிர்ச் சீட்டு விழுந்துச்சுன்னா? மேடையில நின்னுக்கிட்டு பேரை அடிக்கச் சொல்றீங்களா?

வேலாயுதம்: விழாது.

வசந்தகுமாரி: ம்... முடிஞ்சுது. பாய், இந்தாங்க பஞ்சு. ஓட்டிப் பாருங்க. ஒரு இழை சிக்குனாலும் சொல்லுங்க.

நூருல் அமீன்: கன்னம்... தாடை... காதுக்குக் கீழ... அட, எங்கயும் நிக்கல லா! வழுக்கிக்கிட்டுப் போகுது.

வேலாயுதம்: நான் வழிச்சாலும் இப்படி வராது.

வசந்தகுமாரி: அது இருக்கட்டும். எதிர்ச் சீட்டு விழாதுன்னு எப்படிண்ணே அவ்வளவு உறுதியா சொல்றீங்க?

வேலாயுதம்: பாய், நீங்க கொஞ்சம் வெளிய...

நூருல் அமீன்: வெயில் கொளுத்துது. நான் போகமாட்டேன்.

வேலாயுதம்: சரி, நீங்களும் கேளுங்க. சிரிச்சாலும் சரி. அந்தப் பயந்தாங்கொள்ளிப் பய நான்தான். போன வருஷம் விழுந்த எதிர்ச் சீட்டு என்னுது வசந்தா.

வசந்தகுமாரி: தெரியும்ணே. ஓட்டெடுப்பு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து ஒவ்வொருத்தரா இந்தக் கடைக்கு வந்து, “நான் போடலம்மா, நான் போடலம்மா”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. செத்துப்போன உங்க மச்சானும் வந்தாரு, இதோ இந்த அமீன் பாயும் வந்தாரு. ஒரு வாரத்துல இருபத்தாறு பேரு. வந்து பொய் சொல்ல மனசு வராத ஆளு நீங்க ஒருத்தர்தான். அது தெரிஞ்சுதான் இன்னிக்கு உங்க தொண்டைக்குழியில கத்திய வச்சேன். ஒரு கீறல் இருக்கா, பாருங்க.