மூன்று விரல் தடம்

மார்கழிக் குளிர். பூனாகலையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மலையேறித் திரும்பிய இளைஞர், பக்கத்திலிருந்த தேயிலைத் தோட்டத்து அக்காவிடம் போனை நீட்டினார்.

“சிறுத்தையோட கால்தடம். இன்னைக்குக் காலையில எடுத்தேன்.”

“சிறுத்தைக்கு நகம் பதியாதுங்க தம்பி. இது நாயி.”

“நான் எட்டு வருசமா மலையேறுறேன்க்கா.”

“நான் எட்டு வருசமா இதுக்குச் சோறு போடுறேன். பன்னிக்கு வச்ச கம்பியில மாட்டி ஒரு விரல் போச்சு. மிச்சம் மூணுதான், எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணினார்.

“நாலு நாளா காணோம். சிறுத்தை தூக்கிருச்சுன்னு அழுதுட்டேன். எங்க எடுத்தீங்க?”

“அருவிக்கு மேல, மானாப் புல்லுப் பக்கம்.”

அக்கா எழுந்து மணியடித்தார்.

“டவுனுக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் கண்டக்டர்.

“டவுன் அங்கயேதான் இருக்கும். என் நாயி நடந்துக்கிட்டிருக்கு.”