நம்பர் விழாத தாள்

— பேனாவை மூடாத வனீஸ். நம்பரைப் போடு.

— அட, உட்காரு பகீத். இந்த ஸ்டேஷனுக்கு எழுத்தர் நானா, நீயா? அதிகாரி தொழுகைக்குப் போயிருக்காரு. அவர் வர்றவரைக்கும் இது வெறும் தாளுப்பா.

— வெறும் தாளா? ஆலைக் காவக்காரன் நான், கையும் களவுமா பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கேன். கரும்பு ரயில் சக்கரத்துப் பித்தளையைக் கழட்டியிருக்கான் அந்த ஹம்தான்.

— திருப்பிக் குடுத்துட்டான்ல? பதிவேட்டுல நம்பர் விழுந்தா அரசு வக்கீல் கைக்குப் போயிடும், அப்புறம் நானே அழுதாலும் திரும்பாது. கரும்பு வெட்டற ஆள் பட்டியல்ல இருந்து அவன் பேரை அடிச்சிடுவாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கப்பா அவனுக்கு.

— கழட்டும்போது புள்ளைங்க ஞாபகம் வரலியாமா?

— நமக்கு யார் ஞாபகம் வந்துச்சு? பதினெட்டு வயசு. நீ, நான், ஃபிக்ரி. தூபா மாசக் குளிர்ல, ஓடற ரயில்ல தொத்தி கரும்பு உருவுனோமே! நீ ஒரு தடவை கால்வாய்ப் பாலம் வரைக்கும் தொங்கிட்டே போன. கலாபியா அங்கி கிழிஞ்சு, பின்பக்கம் ஊருக்கே தெரிஞ்சுது.

— உன் நாக்கு அழுகிப் போக! ஆனா ஒண்ணு. அந்தக் கரும்பு இனிச்ச மாதிரி இப்ப எதுவும் இனிக்கல.

— அப்ப பல்லு இருந்துச்சுப்பா.

— மாட்டுனோமே, அன்னிக்கு இங்க இருந்த அந்தத் தடியன் அதிகாரி விட்ட அறை. இடது காது இன்னும் சரியா கேக்கல.

— அறைஞ்சாரு, ஸ்டேஷன் முற்றத்தைப் பெருக்க விட்டாரு, டீ குடுத்து அனுப்பிட்டாரு. அதனாலதான் நீ காவக்காரன், நான் எழுத்தர். ஹம்தானையும் ஒரு அறையோட விட்டுடலாம்ப்பா.

— அனுப்புனது ரெண்டு பேரை. என் அத்தை மகன் ஃபிக்ரிக்கு நம்பர் விழுந்துச்சு. நாலு கரும்புக்கு ஆறு மாசம் ஜெயில். வெளிய வந்தவனை மூட்டை தூக்கக்கூட ஆலையில சேர்க்கல. லிபியாவுக்குப் போனான், ஒரு கடுதாசி இல்ல. அத்தை சாகறவரைக்கும் பஸ் நிக்கிற இடத்துல போய் நின்னா. அவனுக்கு இல்லாத இரக்கம் இவனுக்கு மட்டும் எதுக்கு? எழுது.

— என்னால முடியாது.

— ஏன் முடியாது?

— அன்னிக்கு ஆலைக்காரங்க ஒரு பேராவது வேணும்னாங்க. "எவனுக்குடா எழுதத் தெரியும்?"னு அந்த அதிகாரி கேட்டாரு. நீ பம்படியில மூக்கு ரத்தத்தைக் கழுவிட்டு இருந்த. "ஒருத்தன் பேரை எழுது, மத்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க"ன்னு என் கையில பேனாவைக் குடுத்தாரு.

— வனீஸ்...

— கையெழுத்து அழகா இருக்குன்னாரு. மறு வருஷமே இந்த நாற்காலி.

— டேய் ஹம்தான்! வெளிய உட்கார்ந்திருக்கியே, கேக்குதா? எழுந்து வீட்டுக்குப் போ.

— பகீத், திட்டவாவது செய்யுப்பா.

— அந்தத் தாளைக் கீழ வை. நான் கிழிச்சுக்கறேன். இதுல உன் கை படக் கூடாது.