முப்பத்தேழு பாடங்களில் நான் செய்த ஒட்டுவேலை

மைக் முன்னால் உட்காரும் முன் ஒரு டம்ளர் வெந்நீர் குடிப்பது என் பழக்கம். தொண்டைக்கு நல்லது. இதைக் கேட்கவா உங்களை எழுதச் சொன்னோம் என்று விசாரணைக் குழுவினர் நினைக்கலாம். ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். என் ஆரம்பம் அந்த டம்ளர்தான்.

இருபத்தாறு வருஷம் நம் நிறுவனத்தின் ஆங்கில ஒலிப்பாடங்களுக்கு நான்தான் குரல். ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் ‘எ’, ‘தி’ என்று பொடிசுகள் வருமே, அவற்றைக்கூட நான் அலட்சியமாக விட்டதில்லை. ‘ஏ... புக்’ என்பேன். ‘தீ... டோர்’ என்பேன். புத்தகத்துக்கும் கதவுக்கும் கொடுத்த மரியாதையை அவற்றுக்கும் கொடுத்தேன். அலுவலகத்தில் எனக்கு ‘இஸ்திரி’ என்று பட்டப்பெயர். என் உச்சரிப்பில் சுருக்கமே இல்லை என்று பாராட்டுகிறார்கள் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காவலாளியிடமே விளக்கம் கேட்டேன். “விறைப்பா இருக்கும்ல சார், அதான்” என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, மாணவர்களின் கடிதக்கட்டு ஒன்றை மேஜையில் வைத்தார்.

“நம்ம பாடத்துல கேக்கறது ஒண்ணு, வெளியில பேசறது ஒண்ணா இருக்காம் சார். வெளியில இதையெல்லாம் யாரும் அழுத்தறதில்ல. பட்டும் படாம சொல்லிட்டுப் போயிடறாங்க. நம்மகிட்ட படிச்சவங்க காதுல பிடிக்க முடியாம முழிக்கறாங்க.”

நியாயமான பேச்சு. தலையாட்டினேன். இனி வேறொரு குரல். எனக்கு இருமலையும் மூச்சையும் வெட்டிச் சரிசெய்யும் வேலை. அன்று சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன் நின்று, பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து மனைவி, “என்னங்க, பல்லு வலிக்குதா?” என்று கேட்டாள்.

புதுக்குரலைக் கூட்டிவந்ததும் நான்தான். மனைவியின் தங்கை மகள். தொலைபேசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஏழு வருஷம் பேசி வேலை பார்த்தவள். அந்த நிறுவனத்தை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தாள். “பேசறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது பெரியப்பா” என்பாள். நம் வீட்டுப் பெண், என் சொல் கேட்டு என் மாதிரியே பேசுவாள் என்று கணக்குப் போட்டேன்.

சோதனைக்கு வந்தவள் ஒரு பக்கம் வாசித்தாள். அந்தப் பொடிசுகள் எங்கே வந்தன, எங்கே போயின என்றே தெரியவில்லை. மேலாளர் அம்மா கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக்குரல் வந்தால் முதல் நாளே சின்னச் சின்னச் சொற்களைத் தனித்தனியாகச் சொல்ல வைத்துப் பதிந்துகொள்வோம். இதற்கு ஒட்டுத்துண்டு என்று பெயர். பிறகு நாற்காலி கிறீச்சிட்டு ஒரு சொல் கெட்டால், ஆளை மறுபடி கூப்பிடாமல் துண்டை ஒட்டிச் சமாளிக்கலாம்.

“நல்லா அழுத்திச் சொல்லும்மா” என்றேன்.

“இப்படி யாரு பெரியப்பா பேசுவாங்க?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, சொன்னபடி சொன்னாள்.

முதல் பாடத்தில் நாற்காலி உண்மையாகவே கிறீச்சிட்டது. ஒரே ஒரு துண்டு ஒட்டினேன். கேட்கச் சுகமாக இருந்தது. இரண்டாம் பாடத்தில் நாற்காலி எந்தத் தொந்தரவும் செய்யவில்லை, இருந்தாலும் ஒட்டினேன். மூன்றாம் பாடத்திலிருந்து ‘ஏ’, ‘தீ’ வந்த ஓர் இடம் விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆறாயிரத்துச் சொச்சம் இடங்கள். அசல் பதிவுகளை அன்றன்றே அழித்தேன். சோம்பேறி என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பத்துப் பாடம் வெளியானதும் மேலாளர் அம்மா அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். “சோதனைக்கு வந்தப்ப நல்லாத்தானேம்மா பேசினே?” அவளுடைய குரல்தான், அவளால் மறுக்க முடியவில்லை. பதிவறை சின்னது, சத்தம் வரும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவோம். உள்ளே எங்கள் இருவரைத் தவிர யாரும் இருந்ததில்லை. அதனால் என்னிடம்தான் வந்தாள்.

“பெரியப்பா, நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்க. நான் அப்படியா பேசினேன்?”

“மைக் எதையும் கூட்டிச் சொல்லாதும்மா” என்றேன். அது உண்மை. மைக் எதையும் கூட்டவில்லை.

அதன்பின் அவள் வீட்டில் செல்போனில் பேசிப் பதிந்து கேட்பாள், சரியாக இருக்கும். பாடம் வெளிவந்தால் தப்பாக இருக்கும். காதைச் சோதித்தார்கள், குறையில்லை. பேச்சுப் பயிற்சி மருத்துவரிடம் போனாள், பிறகு மனநல மருத்துவரிடம் போனாள். என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தேன். திரும்பும் வழியில் ஒருநாள், “எனக்குப் பைத்தியம் பிடிக்குதா பெரியப்பா?” என்று பின்னாலிருந்து கேட்டாள். பாவமாக இருந்தது. ஓரமாக நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில், ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் நின்று, யோசித்து, மிதித்துப் பேச ஆரம்பித்தாள். பாடம் முப்பத்தெட்டிலிருந்து நாற்பது வரை என் கை படவே இல்லை. படத் தேவையிருக்கவில்லை. அந்த மூன்றையும் என் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாற்பதாம் பாடத்தோடு அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

புதிதாக வந்த ஒலிப்பொறியாளர் கண்டுபிடித்தார். “மனுஷ வாய் ஒரு சொல்லை ரெண்டு தடவை அச்சு அசலா சொல்லாது சார். இங்க ஆயிரக்கணக்குல மயிரிழைகூட மாறாம இருக்கே” என்றார். நல்ல காது. அவரை நிறுவனம் விட்டுவிடக் கூடாது. ஆமாம், செய்தது நான்தான்.

இதை எழுதும் முன் அவளிடமே சொல்லிவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில்கூட இப்போது அதிகம் பேசுவதில்லையாம். வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறாளாம். முதல் பாடத்தை எடுத்து நீட்டி, ஒரு வரி வாசிக்கச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி வியர்த்தது. உதட்டை இரண்டு முறை திறந்து மூடினாள். பிறகு வாசித்தாள். ‘ஏ... புக்.’ கண்ணில் நீர் முட்ட, நிறுத்தி, அடுத்ததும் சொன்னாள். ‘தீ... டோர்.’

சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். அவளை மறுபடி வேலைக்கு எடுப்பதாக இருந்தால் குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த உச்சரிப்பில் தயவுசெய்து யாரும் கைவைக்க வேண்டாம். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொண்ட மாணவி எனக்குக் கிடைத்ததே இல்லை.