சேரலாதனைக் கரையேற்றியவள்

சேரலாதன் எப்படிப் பிழைத்தார் என்பதை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். புதிய பாகம் போன வெள்ளிக்கிழமை தொடங்கிவிட்டதாம். இங்கே டிவி இல்லை. வெளியே போனதும் முதலிலிருந்து பார்த்துக்கொள்வேன்.

அந்தத் தொடரைப் பார்த்ததில்லை என்றீர்கள். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் என் மகன் விஷயம் உங்களுக்குப் புரியாது. இன்ஸ்பெக்டர் சேரலாதன் துப்பறிகிறவர். போன பாகத்தின் கடைசிக் காட்சியில் அவருடைய கார் பாலத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. காரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே அவர் காலில் போட்டிருந்த ஒரு சப்பாத்து மட்டும் கிடந்தது. அத்தோடு முடித்துவிட்டார்கள்.

என் மகன் ரூபேந்திரன் பாசிர் கூடாங் நகரத்தில் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். மனைவி ஷர்மைன். கல்யாணம் தேவாலயத்தில்தான் நடந்தது, எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நான் காஹாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவன் போன் செய்வது குறைந்துபோயிற்று. செய்தாலும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

சேரலாதன் ஆற்றில் விழுந்த பிறகு அது மாறியது. வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து கூப்பிடுவான். அவர் கார் டயரிலிருந்த காற்றைச் சுவாசித்தபடி தண்ணீருக்குள் இருந்திருப்பார் என்பது அவன் கட்சி. ரசிகர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள், அதில் என்னையும் சேர்த்துவிட்டான். காரில் இருந்தது அவரே இல்லை, அவரைப் போலவே இருக்கும் தம்பி என்று சிலர் சண்டை போட்டார்கள். நான் சொன்னது வேறு. ஆற்றங்கரையில் தனியாக இருக்கும் ஒரு பெண் அவரை இழுத்துக் கரையேற்றி, வீட்டில் வைத்துக் காயம் ஆற்றிக்கொண்டிருக்கிறாள் என்றேன். குழுவில் நிறையப் பேருக்கு அது பிடித்திருந்தது.

ரூபேன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "லாஜிக் வேணும்லா அம்மா. ஊரே தேடுற ஆள ஒருத்தி எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம வீட்டுல ஒளிச்சு வெச்சுக்கணும்?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தான். கடல் தாண்டிப் பெர்த் நகரத்தில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது, புது வருஷம் பிறந்ததும் கிளம்புகிறோம் என்றான். "அங்கயும் சேரலாதன் வருவாரும்மா. போன்ல பேசிக்கலாம்" என்றான். நான் சோறு போட்டேன். நெத்திலிச் சம்பலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவன் கிளம்பியதும் மோட்டார் சத்தம் தோட்டத்துச் செம்மண் பாதையில் போய், வளைவில் சட்டென்று நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். மோட்டார் வழுக்கிக் கால்வாய்க்குள் கிடந்தது. அவனுக்கு இடது கால் மடங்கியிருந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். நினைவு நன்றாக இருந்தது. "ஆம்புலன்ஸ் கூப்பிடும்மா" என்றான். கூப்பிட்டுவிட்டேன் என்றேன்.

பழக்குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வலியில் முனகினான், பாவம். திரும்பப் போய் மோட்டாரை ஓலை போட்டு மூடினேன். மழையில் துருப்பிடித்துவிடும் அல்லவா. பிறகு அவன் கைத்தொலைபேசியிலிருந்து ஷர்மைனுக்கு, அம்மாவோடு சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அனுப்பினேன். அவள் ஒரு இதயப் படம் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அணைத்து வைத்தேன்.

தோட்டத்து மருந்தகத்தில் பல வருஷம் ஆயாவாக இருந்தவள் நான். காலுக்குப் பலகை வைத்துக் கட்டினேன். நான் கட்டிய விதத்தை உங்கள் டாக்டர்கூடக் குறை சொல்லவில்லை. கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைத்துவிட்டேன். ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது என்றேன். அவன் வயிறு இறுக ஆரம்பித்தது. வாயு என்று நினைத்து எண்ணெய் தடவினேன். நினைத்தேன் என்று சொல்வது சரியில்லை. தோட்டத்தில் லாரியிலிருந்து விழுந்த ஒருவருக்கு வயிறு அப்படி இறுகியதைப் பார்த்திருக்கிறேன். அவரை உடனே குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்.

நேரம் போக, சேரலாதனைப் பற்றிப் பேசினேன். கரையேற்றிய பெண் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாயே, இப்போது எனக்குத் தெரியும் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் குணமாகி எழுந்து போய்விடுவார் என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஷர்மைன் வந்தாள். அவன் போன் கிடைக்கவில்லை என்று காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கூட்டாளியோடு மெர்சிங் கடற்கரைக்குப் போயிருக்கிறான் என்றேன். வாசலில் மோட்டார் இல்லை, அதனால் நம்பினாள். உள்ளறையில் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சத்தம் கொஞ்சம்தான் வந்தது.

"உள்ள யாரு அத்தை?" என்றாள்.

"டிவிம்மா. சேரலாதன்" என்றேன்.

சிரித்தாள். அவனும் எப்போதும் அதைத்தான் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். அறைக் கதவைத் திறந்தால் மூன்று எட்டில் கட்டில்.

அவள் கார் போன பிறகு உள்ளே போனேன். அழுதிருந்தான். "நீ யாருக்கும் போன் பண்ணலதானேம்மா" என்றான். கோபமே இல்லை. சின்ன வயதில் பல் பிடுங்கப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான். அப்படியே பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நான் பெர்த் போகல. இங்கேயே இருக்கேன். ஷர்மைன்கிட்ட நான் பேசிக்கிறேன். தோட்டத்துலயே வேலை தேடிக்கிறேன். யார்கிட்டயும் உன்னைச் சொல்ல மாட்டேன், நானா விழுந்து கெடந்தேன்னு சொல்றேன். இப்பவாவது கூப்பிடும்மா."

அவன் தலையைக் கோதிவிட்டேன். நான் அத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கியதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். என் போன் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டேன். ஆனால் வலிக்கும்போது பிள்ளைகள் எதையும் சொல்லும், வலி போனதும் மறந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அன்றைக்குப் பிறகு அவன் கேட்கவில்லை. புதன்கிழமை காலை, நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, போய்விட்டான். வியாழக்கிழமை ஷர்மைன் அவன் கூட்டாளிகளை விசாரித்துவிட்டு உங்கள் போலீஸ் ஆட்களோடு வந்து கதவைத் தட்டும் வரைக்கும் அவனுக்கு முகம் துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மண்ணீரல் கிழிந்திருந்ததாம். சனிக்கிழமையே கொண்டுவந்திருந்தால் நடந்து வீட்டுக்குப் போயிருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நடந்து போயிருப்பான் என்பது எனக்கும் தெரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிடாதவள் நான். வாசலுக்கு வந்த மனைவியைத் திருப்பி அனுப்பியவள் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

நேற்று ஷர்மைன் என்னைப் பார்க்க வந்தாள். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். கண் வீங்கியிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசில என்னைக் கூப்பிட்டாரா அத்தை?"

இல்லை என்றேன்.

அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் ஷர்மைன், ஷர்மைன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், உண்மைதான். ஆனால் காய்ச்சலில் பெயர் மாறிப்போகும். பக்கத்தில் நான்தானே இருந்தேன். அவன் கூப்பிட்டது என்னைத்தான்.