சுவரோரக் கன்றுகள்

– இழுக்கக்கூட இல்லடா. ரெண்டு விரலால தொட்டேன், குருத்து கையோட வந்துடுச்சு. இந்தா, அடியில எப்படி நாறுதுன்னு மோந்து பாரு.

– வேணாம்ணே, அந்த நாத்தம் எனக்கு நல்லாத் தெரியும். நீ கதவைக்கூடத் தட்டாம, மண்ணுக்காலோட என் அடுப்படி வரைக்கும் வந்து நிக்கறியே, அதுக்கு முதல்ல பதில் சொல்லு.

– நான் பதில் சொல்லணுமா? சுவரோரம் மூணு வரிசை போச்சுடா. எல்லாம் ஆளுயரம் வந்த கன்னு. மத்த மரம்னா ஒரு கிளை ஒடிஞ்சா இன்னொண்ணு தழைக்கும். இந்த அழகுப் பனைக்கு ஒரே குருத்து. அது போனா மரமே போச்சு. அதைத் தெரிஞ்சவன்தான் குறி பாத்து ஊத்தியிருக்கான்.

– என்னத்தை ஊத்தியிருக்கான்?

– களைக்கொல்லி.

– யாரு?

– கேக்கறான் பாரு கேள்வி. சுவருக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ. நடுவுல வேற யாரு குடித்தனம் இருக்கா?

– நல்லா இருக்குண்ணே. ரொம்ப நல்லா இருக்கு. சுவரு கட்டின நாள்லேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட எட்டிப் பாக்கல. இன்னிக்கு வாயைத் தொறந்தே, முதல் வார்த்தையே கொலைகாரன்னு வருது.

– பேச்சை மாத்தாதே. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. செங்கல் அடுக்கி, ஏறி நின்னு உன் பக்கம் பாத்தேன். அதே மண்ணு, அதே குளிர். என் கன்னு கருகிக் கிடக்கு. உன்னுது எண்ணெய் தேச்ச மாதிரி மினுமினுன்னு நிக்குது. இதுக்கு என்னடா அர்த்தம்?

– நான் நல்லா வளக்கறேன்னு அர்த்தம்.

– நீ? நீ வளத்த லட்சணம் எனக்குத் தெரியாதா? சுவரு கட்டறதுக்கு முந்தி, ஒவ்வொரு குளிர்காலமும் முடிய, செத்த கன்னை வண்டி வண்டியா அள்ளிக் கொட்டினவன் நீ. தெருவே நின்னு பாத்துச்சு.

– தெரு கீழ நின்னு பாத்துச்சு. நீ மேட்டுல நின்னு பாத்தே. அப்ப என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

– கைராசி இல்லாதவன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

– சரி, அந்தக் கைராசி இல்லாதவன் கேக்கற ரெண்டு கேள்விக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் திட்டு. போன வாரம் அந்தப் பெருங்குளிர் விழுந்துச்சே, மறுநாள் காலையில கன்னு எப்படி இருந்துச்சு?

– பச்சையா இருந்துச்சு. அதான் சொல்றேன். குளிருல செத்திருந்தா அன்னிக்கேல்ல வாடியிருக்கணும்? ஒரு வாரம் கழிச்சு சாகறதுன்னா அது குளிரு இல்ல, மருந்து.

– தப்பு. பனை அடி வாங்கின அன்னிக்கு அழாதுண்ணே. வெளிய பச்சையாவே நிக்கும். குருத்து உள்ளுக்குள்ள அழுகி, நீ தொட்டா கையோட வர நாளாகும். உனக்கு இது எப்படித் தெரியும்? உன் நிலத்துல குளிர் எப்பவாவது தங்கியிருந்தாதானே தெரிய?

– என்னமோ பெரிய டாக்டர் மாதிரி பேசறே. நானும் அப்பாகிட்டத்தான் நர்சரி கத்துக்கிட்டேன்.

– மேட்டு நிலத்துல கத்துக்கிட்டே. நான் பள்ளத்துல கத்துக்கிட்டேன். அடுத்த கேள்வி. எந்த வரிசை முதல்ல போச்சு?

– சுவரை ஒட்டினது.

– அப்புறம்?

– அதுக்கு மேல உள்ளது. அப்புறம் அதுக்கும் மேல. மேட்டுல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகல. அதான், உன் கை எட்டற தூரம் வரைக்கும் ஊத்தியிருக்கே.

– என் கை மூணு வரிசை எட்டுமா? சரி, எட்டுதுன்னே வச்சுக்குவோம். சுவரோரம் அந்தப் பழைய உசரக் கன்னுங்க நாலஞ்சு இருக்கே. அதுங்களும் செத்துடுச்சா?

– அது... கீழ் மட்டையெல்லாம் கருகிடுச்சு. உச்சி பச்சையாத்தான் இருக்கு.

– எந்த உசரத்துக்கு மேல பச்சை?

– அதை நான் அளந்தா பாத்தேன்?

– அளக்க வேணாம். செங்கல் மேல ஏறி நின்னு பாத்தவனுக்குத் தெரியாதா? சொல்லு.

– சுவரு உசரம்.

– சத்தமா சொல்லு, கேக்கல.

– சுவரு உசரம்டா. அதுக்கு என்ன இப்ப?

– களைக்கொல்லிக்கு சுவரு உசரம் தெரியுமா? அந்தக் குளிர் ராத்திரி நீ மேட்டுல ஈர மட்டையைக் கொளுத்தி மூட்டம் போட்டியே. நான் வாசல்ல நின்னு பாத்தேன். புகை எங்க போச்சு?

– எங்க போகும்? மேல போகாம, சரிவுல இறங்கி வந்து சுவரோரமா மடிஞ்சு நின்னுச்சு.

– என் பக்கம் வந்துச்சா?

– வரல.

– ஏன் வரல? உனக்கும் எனக்கும் சண்டைன்னு புகைக்குத் தெரியுமா? குளிரும் அப்படித்தாண்ணே. வானம் வெறிச்சோடி, காத்து ஆடாம இருந்தா, குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி சரிவுல இறங்கும். சுவரு இல்லாத வரைக்கும் நேரா என் நிலத்துல வந்து குளம் கட்டும். என் கன்னு மூழ்கிச் செத்துச்சு. நீ கைராசின்னே, சோம்பேறின்னே. அப்பா கண்ணை மூடற வரைக்கும் அதையே நம்பிட்டுப் போனாரு. இப்ப நீயே ஒரு ஓட்டைகூட விடாம சுவரு கட்டினே. குளம் உன் பக்கம் கட்டுது. போன ரெண்டு வருஷம் குளிரு லேசு, தப்பிச்சே. இந்த வருஷம் மாட்டிக்கிட்டே. உன் கன்னைக் கொன்னது நான் இல்ல. உன் சுவரு.

– இரு. அப்ப இது உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கே.

– வாயை மூடிக்கிட்டா? நான் வந்து சொன்னேண்ணே. சுவரு வர்றதுக்கு முந்தி உன் கொட்டகைக்கு வந்து, எல்லையில ஒரு தடுப்பு வைப்போம், ஓடைப்பக்கம் மூலையில மட்டும் வழி விடுவோம், குளிரு ஓடையில இறங்கிப் போயிடும், உனக்கும் சேதம் இல்ல எனக்கும் இல்லன்னு சொன்னேன். என்கிட்ட வசதி இல்ல, கை குடுன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

– நெனவில்ல.

– எனக்கு இருக்கு. ‘காத்துக்கு வரப்பு கட்டப் போறியாடா’ன்னே. கூலியாட்கள் அத்தனை பேரு முன்னாடியும். அவங்க சிரிச்சாங்க. நீதான் ரொம்ப நேரம் சிரிச்சே.

– சிரிச்சா என்ன? விளையாட்டா சொன்னது.

– உனக்கு விளையாட்டு. அந்த வருஷமும் என் பொண்டாட்டி செத்த கன்னை ஒவ்வொண்ணாப் புடுங்கிப் போட்டா. அழக்கூட இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

– அடுத்த மாசமே நான் சுவரு கட்டினேனே. உனக்கு லாபமாத்தானே போச்சு?

– எனக்காகவா கட்டினே? எல்லைக்கல்லு நகந்துடுச்சுன்னு கட்டினே.

– நகரல. நீ நகத்தினே. அப்பா நட்ட கல்லை ஒரு முழம் என் பக்கம் தள்ளி வச்சே. திருட்டுப் பய.

– நான் தொடல.

– கல்லுக்குக் கால் முளைச்சுதா அப்ப?

– முளைச்சுதோ இல்லையோ, நான் தொடல. அன்னிக்கும் சொன்னேன், ஆயிரம் தரம் சொல்லிட்டேன். ஒரு முழ மண்ணை வச்சு நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?

– ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா? தெருமுனை வரைக்கும் கேக்குது.

– நீ எங்க வந்தே? இந்தப் படியை மிதிக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?

– இது உங்க தம்பி வீடு மட்டும் இல்லைங்க, என் தங்கச்சி வீடும்தான். அக்காளையும் தங்கச்சியையும் அண்ணனுக்கும் தம்பிக்கும் கட்டி வச்சது, காலத்துக்கும் ஒண்ணா இருக்கட்டும்னுதான். நீங்க மிதிச்சா நானும் மிதிப்பேன். தம்பி, அவ எங்க?

– தோட்டத்துலதான் அண்ணி. குட்டைக் கன்னுக்கெல்லாம் சாக்கு கட்டிட்டு இருக்கா. வானத்தைப் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இல்ல. காத்தும் செத்துப் போச்சு. இன்னிக்கு ராத்திரி போன வாரத்தைவிட மோசமா விழும்.

– சரி, நீ சொல்றபடி குளிருதான் கொன்னுச்சுன்னே வச்சுக்குவோம். இன்னிக்கும் விழுந்தா எனக்கு இன்னும் ரெண்டு வரிசை போகும். கடப்பாரை எங்கடா வச்சிருக்கே?

– எதுக்கு?

– சுவரு என்னுது. இருட்டறதுக்குள்ள நடுவுல பாதியைச் சாய்க்கப் போறேன். குளிரு பழையபடி எங்க போகணுமோ அங்க போகட்டும்.

– அண்ணே, நாளன்னிக்கு கன்னு எடுக்க ஹோட்டல்காரர் லாரி வருது. இத்தனை வருஷத்துல முதல் தரம் என் கன்னு விக்கற உசரம் வந்திருக்கு. நடுவுல இடிச்சா ஒரே ராத்திரியில எல்லாம் போயிடும்.

– என்னுது போகலாம், உன்னுது போகக் கூடாதா?

– ரெண்டு பேருதும் போக வேணாம்னுதான் சொல்றேன். ஓடைப்பக்கம் மூலையில மட்டும் இடி. அன்னிக்குச் சொன்ன அதே இடம். நானும் வந்து கூட இடிக்கறேன்.

– அவரு சொல்றது சரிதாங்க. மூலையில இடிச்சாப் போதும். புகை போட்டுப் பாருங்க, ஓடையில இறங்குதா இல்லையான்னு உங்க கண்ணுக்கே தெரியும்.

– நீ சும்மா இரு. உன் புருஷன் கன்னு செத்துக் கிடக்கு, நீ தங்கச்சி வீட்டுக்கு வக்காலத்து வாங்கறியா? கல்லை நகத்தின ஒரு பய இங்க இடி, அங்க இடிக்காதேன்னு எனக்குச் சொல்லுவான், நான் தலையாட்டணுமா?

– ஐயோ, அந்தக் கல்லை விடுங்களேன்.

– எப்படி விடுவேன்? தம்பியே என்னை ஏமாத்திட்டானேன்னு நான் எத்தனை நாள் சோறு இறங்காம உக்காந்திருந்தேன், உனக்குத் தெரியாதா? சரி, இப்ப கடைசியா சொல்றேன், கேட்டுக்கோடா. கல்லை நகத்தினேன்னு உன் வாயால ஒத்துக்கோ. இங்க, உன் அண்ணி முன்னாடி. ஒத்துக்கிட்டா மூலையில இடிக்கறேன். இல்லேன்னா நடுவுலதான். தலைகீழா நின்னாலும் நடுவுலதான்.

– செய்யாததை எப்படிண்ணே ஒத்துக்கறது?

– அப்ப கடப்பாரையை எடு.

– என்னங்க இது, சின்னப் புள்ளைங்க மாதிரி? பொழுது சாயுது.

– அவன் வாயிலேருந்து வரணும். அது வராம நான் நகர மாட்டேன்.

– மூணு வருஷமா பொய் சொல்ல மாட்டேன்னு நின்னேன். அந்த ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதையும் கேக்கறே.

– சொல்றியா, இல்லையா?

– தம்பி, வேணாம். நீங்க சொல்லாதீங்க.

– இருக்கட்டும் அண்ணி. அவ அங்க சாக்கு கட்டிக் கட்டிக் கை வெடிச்சு நிக்கறா. இன்னொரு தரம் அவ செத்த கன்னைப் புடுங்கறதைப் பாக்க என்னால ஆகாது. அண்ணே, கேட்டுக்கோ. நான்தான். உன் கல்லை நான்தான் நகத்தினேன். நான் திருடன்தான். போதுமா? வயிறு குளுந்துதா? இப்ப வா, மூலைக்குப் போவோம்.

– கேட்டியாடி? கேட்டியா? உன் தங்கச்சி புருஷன் ரொம்ப யோக்கியன்னியே, இப்ப என்ன சொல்றே?

– உக்காருங்க.

– எதுக்கு உக்காரணும்? வேலை கிடக்கு.

– உக்காருங்கன்னா உக்காருங்க. உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு நாள் பேச்சு இருக்காது, மூணாம் நாள் சரியாயிடும்னு நெனச்சேன். குளிரு நம்ம பக்கமே தேங்கும்னு எனக்குத் தெரியாது. இவரு மேல பழி இவ்வளவு நாள் நிக்கும்னும் தெரியாது. எத்தனையோ தரம் வாய் வரைக்கும் வந்துச்சு, உங்க மூஞ்சியைப் பாத்தா முழுங்கிடுவேன்.

– என்னடி உளர்றே? எதை முழுங்கினே?

– நீங்க சந்தைக்குப் போன அன்னிக்கு அந்தக் கல்லைப் பெயத்து நம்ம பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டது நான்தாங்க. உங்க இரக்கத்தை நம்பியிருந்தா என் தங்கச்சி இன்னும் செத்த கன்னைத்தான் புடுங்கிட்டு இருப்பா. உங்க கோபத்தை நம்பினேன், ஒரே வாரத்துல சுவரு எழும்பிடுச்சு.