மூன்றாவது டிக்கெட்

— கொப்புக்கும் டிக்கெட் எடுத்தனியோ?

— ஓம் அம்மா.

— கறிவேப்பிலைக் கொப்புக்கு!

— கொப்புக்கு இல்லை, அப்பாவுக்கு. மெல்லமாக் கதையுங்கோ, அங்கால சனம் பாக்குது.

— பாக்காமல் என்ன செய்யும்? பெரிய பெட்டை ஒருத்தி யன்னல் கரையில கறிவேப்பிலையை இருத்திவைச்சிட்டுப் பக்கத்தில காவல் இருக்கிறாள். டாவோஸில ஏறின நேரம் தொட்டு எனக்கு உடம்பு கூசிக்கொண்டு கிடக்கு. வா, இஞ்சாலைப் பெட்டிக்கு மாறுவம்.

— இப்பதானே மாறினாங்கள். சும்மா சும்மா மாறினா அப்பா தடுமாறிப்போவார். ஒவ்வொருக்காலும் அவருக்குச் சொல்லோணும்.

— என்னத்தைச் சொல்லோணும்?

— 'அப்பா, சீட் மாறுறம்' எண்டு. வழியில என்ன வந்தாலும் சொல்லிக்கொண்டு வரோணும். ஆறு வந்தா ஆறு, குகை வந்தா குகை. மா தூபே அப்பிடித்தான் செய்தவ.

— உந்த மா தூபே, மா தூபே! ஆடி மாசம் பிளேன் ஏறேக்குள்ள என்ன சொன்னனி? யூனிவர்சிட்டியால கோடைப் படிப்புக்கு விடுகினம், தென்னாபிரிக்காவில சூலு பாஷை படிக்கப்போறன் எண்டனி. செத்த ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரப் படிப்பிக்கிறாங்கள் எண்டு சொன்னனியோ?

— பாஷைதான் படிப்பிச்சவை. பீட்டர்மரிட்ஸ்பேர்க்கில ஒவ்வொரு நாளும் மத்தியானம் மட்டும் வகுப்பு. நாக்கைச் சொடுக்கிச் சொல்லுற எழுத்துகள் இருக்கு, என்னோட வந்த சுவிஸ் பெடியளுக்கு அது வரவே மாட்டன் எண்டுது. எனக்கு முதல் நாளே வந்திட்டுது. ஏனெண்டு தெரியுமோ?

— ஏன்?

— நீங்கள் எரிச்சல் வந்தா ச்சு கொட்டுவியளே, அது அங்கை ஒரு எழுத்து.

— ச்சு!

— அதேதான்.

— பகிடி விடாதை யாதவி. மிச்சத்தைச் சொல்லு.

— கடைசி ரெண்டு கிழமையும் எங்களை மலைப்பக்கத்து வீடுகளில தங்க விட்டவை. நான் இருந்த வீட்டுக்காரிதான் மா தூபே. அவவின்ர மூத்த மகன் தெம்பா ஜொகன்னஸ்பேர்க்கில ஒரு ஆஸ்பத்திரியில செத்தவன். உடம்பைக் கொண்டுவந்து வீட்டு வளவுக்குள்ளதான் தாட்டவை. ஆனா வீட்டில ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை. மாடு சாகுது, தம்பிக்காரன் நித்திரை கொள்ளுறானில்லை. உடம்புதான் வந்தது, ஆள் இன்னும் செத்த இடத்தில வழி தெரியாமல் நிக்குது எண்டிச்சினம்.

— எங்கட சனமும் உப்பிடித்தானே கதைக்கிறது.

— அவை கதைச்சுப்போட்டு இருக்கேல்லை. ஒரு முள்மரத்துக் கொப்பை முறிச்சுக்கொண்டு கூப்பிடப் போச்சினம். என்னையும் கூட்டிக்கொண்டு போனவை. அவன் படுத்துக் கிடந்த வார்ட்டிலயே நிண்டு, நேர்ஸ்மாருக்கு முன்னால, அவ கூப்பிட்டா. திரும்பி வரேக்குள்ள மினிபஸ்ஸில அந்தக் கொப்புக்கு ஒரு சீட். வழி முழுக்க அவனோடதான் கதை. 'மகன், இப்ப பெரிய ரோட்டில ஏறுறம். மகன், பெற்றோல் அடிக்க நிப்பாட்டுறம், நீ இறங்கிடாதை.' நான் பின் சீட்டில இருந்து அழுதுகொண்டு வந்தன் அம்மா. தெம்பாவுக்காண்டி இல்லை.

— தெரியுது. வந்த நாளில இருந்து டாவோஸ், டாவோஸ் எண்டு ஒரே அரிகண்டம். அவர் செத்தது டாவோஸில எண்டாலும் சூரிச்சில எரிச்சாச்சு, அந்தியேட்டி செய்தாச்சு, சாம்பலையும் ஆத்தில விட்டாச்சு. இன்னும் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது? கொப்புக்குள்ள உன்ர கொப்பர் இருக்கிறாரெண்டு நான் நம்போணுமோ?

— நீங்கள் நம்பவேண்டாம். பக்கத்தில இருந்தாக் காணும்.

— அதுவும் அவையின்ர முள்மரமில்லை. எங்கட பல்கணிச் சட்டியில நிண்ட கறிவேப்பிலை!

— நான் மா தூபேயிட்டைக் கேட்டனான், சுவிஸில உங்கட மரம் இல்லையே எண்டு. விழுந்து விழுந்து சிரிச்சா. 'உன்ர அப்பாவுக்கு எங்கட மரத்தை என்னெண்டு தெரியும்? அவருக்குத் தெரிஞ்சதைக் கொண்டுபோ' எண்டா. ஹோட்டல் குசினியில வேலை செய்த மனுசனுக்கு வேற என்னத்தைக் கொண்டுபோறது? பொறுங்கோ, கிளோஸ்டர்ஸ் தாண்டிட்டம். அப்பா, இப்ப ஒரு குகைக்குள்ளால போறம். இருட்டாத்தான் இருக்கும். பயப்பிடாதேங்கோ.

— அவருக்கோ பயம்! இந்த லைனில போய்வந்துகொண்டு இருந்த மனுசன். முதலே கேக்க நினைச்சனான், நான் வெக்கத்தில அங்கால திரும்பி இருக்கேக்குள்ள டிக்கெட் பாக்க வந்தவன் உன்னட்டை என்ன கேட்டவன்?

— மூண்டாவது ஆள் எங்கை எண்டு கேட்டார். யன்னல் கரையில எண்டு காட்டினன்.

— ஐயோ கடவுளே! சிரிச்சானோ?

— இல்லை. கொப்பைப் பாத்தார், உங்களைப் பாத்தார். 'நல்ல பயணமா இருக்கட்டும்' எண்டிட்டுப் போயிட்டார்.

— அவனுக்கும் விசர். நான் ஒண்டு கேக்கிறன். ஹோட்டலுக்குப் பின்னால, அந்தக் குசினிக் கதவடியில நிண்டு, அவரோட ஏன் சூலுவில கதைச்சனி?

— 'அசாம்பே எகாயா.' வீட்டை போவம் வாங்கோ எண்டு சொன்னனான்.

— அதைத் தமிழில சொல்லியிருக்கலாமே. ஜெர்மனே ஒழுங்கா வராத மனுசனுக்குச் சூலு விளங்குமோ?

— தமிழில எனக்கு ஒரு வசனமும் வரேல்லை. நான் அப்பாவோட கதைச்சது ஒண்டும் எனக்கு ஞாபகம் இல்லை அம்மா. அப்ப நாலு வயசு. அவர் என்னை எப்பிடிக் கூப்பிட்டவர் எண்டும் தெரியாது. அங்கை கேட்ட வசனம் ஒண்டுதான் எனக்குள்ள முழுசா இருந்தது.

— குஞ்சாச்சி.

— என்ன?

— குஞ்சாச்சி எண்டு கூப்பிட்டவர். வேலையால வந்தா சப்பாத்துக் கழட்ட முன்னம் குஞ்சாச்சிதான்.

— இதை ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை? நீங்கள் அப்பாவைப் பற்றி ஒண்டுமே கதைக்கிறேல்லை. இண்டைக்கும் ரிசெப்ஷனில இருந்த பெட்டை பேர் கேக்க, நீங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டியள். நான்தான் பாலேந்திரன் எண்டு சொன்னனான்.

— மனுசன்ர பேரை நான் என்னெண்டு சொல்லுறது?

— மா தூபேயும் அப்பிடித்தான். மாமனாரின்ர பேரைச் சொல்லமாட்டா. அந்தப் பேரில இருக்கிற சத்தம் வேற சொல்லில வந்தாலும் அந்தச் சொல்லை விட்டிட்டு வேற சொல்லுத் தேடுவா. அதுக்கெண்டே ஒரு பாஷை வைச்சிருக்கினம், எங்களுக்கு ஒரு முழுநாள் வகுப்பு அதிலதான் நடந்தது. ஆனா அவ செத்த மகனோட வாய் ஓயாமல் கதைக்கிறா. நீங்கள்... ஏன் எழும்புறியள்? என்ன செய்யுது?

— லாண்ட்குவார்ட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

— அடுத்ததுக்கு அடுத்தது. இருங்கோ அம்மா, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு. தண்ணி குடிக்கிறியளோ?

— நீ அவரை 'வாங்கோ' எண்டாய். 'வாறியளோ' எண்டு கேட்டனியோ?

— அதில என்ன வித்தியாசம்?

— அவர் வீட்டை வர இருந்தவர் இல்லை யாதவி.

— ஹோட்டல் சீசன் முடிய வர இருந்தவர்தானே? பெட்டியும் கட்டி வைச்சிருந்தவர் எண்டு எல்லாரும்...

— பெட்டி கட்டினவர்தான். டாவோஸில இல்லை, சூரிச்சில. எங்கட அறையில, என்ர கண்ணுக்கு முன்னால. 'ராஜி, நான் இனி இஞ்சை வரமாட்டன். பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்வன். என்னைக் கூப்பிடாதை' எண்டவர்.

— வேற ஆரும்...?

— ஒருத்தியும் இல்லை. இருந்திருந்தா எனக்கு லேசாப் போயிருக்கும், திட்டித் தீர்த்திருப்பன். சண்டையும் இல்லை. 'இந்த வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. அங்கை மலையைப் பாத்துக்கொண்டு கிடந்தா நித்திரை வருது' எண்டார். அவ்வளவுதான். கோப்பை கழுவுற மனுசனுக்கு மலை!

— பிறகு?

— பிறகு என்ன, தை மாசம் பொலிஸ் வந்து கதவைத் தட்டிச்சு. பின்வாசலில பனி தள்ளிக்கொண்டு நிக்கேக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டாராம். அவர் என்னை விட்டிட்டுப் போனது ஒருத்தருக்கும் தெரியாது. வீடு நிறையச் சனம் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுது. சீசன் முடிய வர இருந்தவரெல்லோ எண்டு அவையே சொல்லிச்சினம். நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அது உண்மை மாதிரி வந்திட்டுது.

— இவ்வளவு காலமும் ஒருத்தரிட்டையும் சொல்லாமல்?

— ஆரிட்டைச் சொல்ல? உன்னட்டையோ? நீ அவரின்ர படத்துக்கு முன்னால இருந்து பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருப்பாய்.

— அப்ப ஏன் இண்டைக்கு என்னோட வந்தனீங்கள்? அந்தக் கதவடியில நான் விசரி மாதிரி நிண்டு கூப்பிட, பேசாமல் பாத்துக்கொண்டு நிண்டியளே!

— உன்னைப் பாக்கேல்லை. மலையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்கு முந்தி நான் ஒரு நாளும் அங்கை போகேல்லை. இந்த மனுசன் எதுக்காண்டி எங்களை விட்டவர் எண்டு ஒருக்காப் பாக்கோணும் போல கிடந்தது.

— பாத்தியளோ?

— வடிவாத்தான் கிடக்கு. எனக்கும் கொஞ்ச நேரம் மூச்சு வந்தது.

— அப்பா என்னையும் வேண்டாமெண்டுதான் போனவரோ?

— விசர்க்கதை கதையாதை. அவர் போகேக்குள்ள நீ நித்திரை. கொஞ்சிப்போட்டு இறங்கினவர், படியில நிண்டிட்டுத் திரும்பி வந்து இன்னொருக்காக் கொஞ்சினவர். உன்னோட அவருக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டோடதான் இருக்கேலாமல் போச்சு.

— நான் இதை இப்ப என்ன செய்ய? வர விருப்பமில்லாத ஆளை இழுத்துக்கொண்டு வந்திட்டன். குப்பையிலயோ போடுறது?

— தா இஞ்சை.

— நீங்கள் தொடமாட்டன் எண்டனீங்கள்.

— தா எண்டுறன். பார், நீ இறுக்கிப் பிடிச்சு இலையெல்லாம் கசங்கிப்போச்சு.

— அம்மா, லாண்ட்குவார்ட் வந்திட்டுது. சூரிச் ட்ரெயின் அங்காலப் பக்கம் நிக்குது, ஓடோணும். எழும்புங்கோ. அம்மா? ஏன் அசையாமல் இருக்கிறியள்? இது திரும்பவும் டாவோஸுக்கெல்லோ போகும்!

— தெரியும். நீ வீட்டை போ குஞ்சு. நான் இவரைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்.