உப்புத்தாள் போட்ட கிடார்

மூணாங்கிளாஸோடு நின்று மூணு மரக்கடை வைத்தவன் நான். மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாத பேச்சே கிடையாது என்றிருந்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பேஸ் கிடாரோடு.

"புது கிடார் கழுத்துக் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன் மச்சான்."

"பைத்தியமாடா? பாலிஷே போச்சு! இனிமே எவன் வாங்குவான்?"

"விக்கவா வாங்குனேன்? போன கச்சேரியில வேர்வைக்குக் கை பாலிஷுல ஒட்டிக்கிச்சு. எனக்கு உசுரான மெலடிப் பாட்டு, இழுக்குற இடத்துல விரல் நின்னுடுச்சு. இன்னிக்கும் தப்புனா வேற ஆளைப் போட்டுக்குறேன்னுட்டாரு பாடகர்."

மற்றவர் நண்பரின் கிடார் உறையைத் திறந்து, கழுத்தின் பின்பக்கம் உள்ளங்கையை ஓட்டினார். கண்ணை மூடி மறுபடி ஓட்டினார். திருவண்ணாமலை ஸ்டாண்டு வந்தும் கையை எடுக்கவில்லை.

"குடுடா, இறங்கணும்."

"இருடா. அந்தத் தாள் இன்னா நம்பரு?"